ஓடைக்கொல்லைக்காரர் உள்ளே வந்தார்

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட இதில் கொஞ்சம் கௌரவம் இருக்கிறது. ஆனால் என் பயத்துக்கு ஒழுங்குமுறை எதுவும் கிடையாது. எங்கள் வீடு ஆலத்தியூர் பக்கம். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் மதியம் வெடி வைத்தால் அடுப்படி அலமாரியில் டம்ளர்கள் தாமாகவே நகரும். அதற்கெல்லாம் எங்கள் வீட்டில் யாரும் சோற்றிலிருந்து கையை எடுப்பதில்லை. அப்படி வளர்ந்த நான், பெரம்பலூரில் ஒரு கடையின் மாடியில், நல்ல பகல் வெளிச்சத்தில், கறுப்புத் திரையில் வந்த சில வரிகளைப் பார்த்து நாற்காலியோடு பின்னால் போனேன். நாற்காலிக்குச் சக்கரம் இருந்ததால் விழவில்லை. கதவில் போய் இடித்து நின்றேன்.

அது எரிந்த மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றி, காயில் கட்டுகிற கடை. கடைக்காரரை நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். கிணற்று மோட்டாரை வீட்டிலிருந்தபடியே போனில் போடவும் நிறுத்தவும் ஒரு சின்னப் பெட்டி வருகிறதல்லவா, அதை அண்ணன் சுற்றுவட்டாரக் கொல்லைகளில் நிறைய மாட்டிக் கொடுத்திருந்தார். செட்டிகுளம் பக்கம்தான் அதிகம். எங்கள் ஊர்ப்பக்கம் வெள்ளாமை நிலத்துக்குத்தான் கொல்லை என்று பேர். விவசாயி போனில் ஒரு ஆப் இருக்கும். அதில் ஒரே ஒரு பொத்தான். அழுத்தினால் பச்சை, மோட்டார் ஓடும். மறுபடி அழுத்தினால் சிவப்பு, நிற்கும்.

போனில் அழுத்துவது நேரே மோட்டாருக்குப் போய்விடாது. நடுவில் ஒருவன் நின்று அதை வாங்கி இதனிடம், இதை வாங்கி அதனிடம் என்று கொடுக்க வேண்டும். அந்த நடு ஆளுக்கு மெசேஜ் புரோக்கர் என்று பெயர். ஆள் என்றால் ஆள் இல்லை, ஒரு மென்பொருள். அதுவரை எங்கேயோ வெளியூர் கம்பெனி ஒன்று அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது. திடீரென்று கடையைச் சாத்துவதாகச் சொல்லிவிட்டார்கள். அண்ணன் எங்கிருந்தோ பழைய சர்வர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"தம்பி, அந்தப் புரோக்கர நம்ம மாடியிலயே உக்கார வச்சிடு. இனிமே எவன் தயவும் வேண்டாம்."

"வச்சிடலாம்ணே."

"கமிஷன் கிமிஷன் கேக்க மாட்டானே?"

"அவன் கேக்க மாட்டான்ணே. நான்தான் கேப்பேன்."

மாடி அறையில்தான் எரிந்துபோன மோட்டார்களைப் போட்டு வைத்திருந்தார்கள். உள்ளே சுற்றியிருந்த கம்பி கருகி, மூடி கழன்று, வாயைத் திறந்துகொண்டு வரிசையாகக் கிடந்தன. கருகிய வார்னிஷ் வாசனை மூக்கில் ஏறினால் இறங்காது. அவற்றில் இரண்டைச் சேர்த்துப்போட்டு, மேலே பலகை வைத்து, பலகை மேல் சர்வரை வைத்தேன். செத்த மோட்டார்களின் தலைமேல் உட்கார்ந்துதான் அந்தப் புரோக்கர் உயிரோடிருக்கிற மோட்டார்களுக்குச் சேதி சொல்லப் போகிறான் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் கீழேயே ஒரு மூலை கேட்டிருப்பேன்.

புரோக்கரை சர்வரில் ஏற்றுவது ஒரு வரி வேலை. கமாண்டை அடித்து என்டரைத் தட்டினால், சொன்ன டீ வருவதற்குள் முடிந்துவிடும். ஆனால் நான் அண்ணனிடம் நாள் முழுக்க ஆகும் என்று சொல்லி வைத்திருந்தேன். ஆகவே நெற்றியைச் சுருக்கிக்கொண்டு திரையையே பார்த்தபடி இருந்தேன். கடவுளுக்கு என் நடிப்பு பிடிக்கவில்லை போலும். நிஜமாகவே நாள் முழுக்க ஆக்கிவிட்டார். புரோக்கர் ஓடுகிறான், குறை ஒன்றும் இல்லை என்கிறான், ஆனால் ஒரு மோட்டாரும் வரக் காணோம். ஒரு போனும் வரவில்லை. கடைசியில்தான் தெரிந்தது: புதிதாக ஏற்றின புரோக்கர், தான் உட்கார்ந்திருக்கிற சர்வருக்குள்ளிருந்து வருகிறவர்களிடம் மட்டும்தான் பேசுவான். வெளியாள் வரவேண்டுமென்றால் அவனுக்கான கட்டளைகள் இருக்கிற கான்பிக் கோப்பில் வாசலைத் திறந்துவிடச் சொல்லி நாம்தான் எழுத வேண்டும். கல்யாண மண்டபத்துக் கதவை உள்பக்கம் தாழ்போட்டுவிட்டு, ஏன் இன்னும் ஒருத்தரும் வரவில்லை என்று பன்னீர்ச் செம்போடு நின்றிருக்கிறேன்.

திறந்துவிட்டேன். பேர் தெரியாதவர் வரக்கூடாது என்று எழுதினேன். பழைய கம்பெனி அனுப்பியிருந்த பேர்களையும் பாஸ்வேர்டுகளையும் அப்படியே ஏற்றினேன். தங்கள் முகவரிக்கு வருகிறவர்களையும் கம்பெனிக்காரர்கள் இந்தப் பக்கமே திருப்பிவிட்டார்கள். பேர் என்றால் ஆள் பேர் இல்லை. அண்ணன் எல்லாவற்றுக்கும் கொல்லையின் பேரைத்தான் வைத்திருந்தார். மேலக்கொல்லை மோட்டார், மேலக்கொல்லை போன். ஓடைக்கொல்லை மோட்டார், ஓடைக்கொல்லை போன். இப்படியே போகும்.

இன்னொரு ஏற்பாடும் உண்டு. இந்தப் புரோக்கரிடம் வருகிற ஒவ்வொன்றும் உள்ளே நுழையும்போதே ஒரு உயிலைக் கொடுத்துவிட்டுத்தான் நுழையும். 'நான் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டால், இந்தச் சேதியை எல்லாருக்கும் சொல்லிவிடு' என்று. போன் அணைந்தாலோ, சிக்னல் அறுந்தாலோ, புரோக்கர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அந்த உயிலைப் படிப்பான். மோட்டாருக்கும் போனுக்கும் இருக்கிற முன்யோசனை எனக்கு இல்லை. எனக்கு எழுதி வைக்கவும் ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம்.

வேலை முடிந்ததும், யார் எது சொன்னாலும் திரையில் ஓடும்படி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலக்கொல்லை மோட்டார்: ஓடுகிறேன். புளியந்தோப்பு மோட்டார்: கரண்ட் இல்லை. கோயில்கொல்லை போன்: நிறுத்து. கோயில்கொல்லை மோட்டார்: நின்றுவிட்டேன். ஆள் அரவமே இல்லாத கிணற்று மேடுகளிலிருந்து ஒவ்வொன்றாகப் பேசின. அறையில் சத்தமே இல்லை. என் காலடியில் செத்த மோட்டார்கள் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தன. எழுந்து போய் ஜன்னலைத் திறந்து வைத்தேன். தெருவில் ஒரு ஆட்டோ போனது ஆறுதலாக இருந்தது.

அதன்பிறகு தினமும் மதியம் போய்ச் சரிபார்ப்பேன். அப்படி ஒரு மதியத்தில்தான் அந்த வரிகள் வந்தன.

ஓடைக்கொல்லை போன் உள்ளே வந்தது.
ஓடைக்கொல்லை போன்: போடு.
ஓடைக்கொல்லை மோட்டார்: ஓடுகிறேன்.

அதுவரை அந்தப் போன் ஒருநாளும் வந்ததில்லை. நான் குஷியாகிவிட்டேன். "அண்ணே, ஓடைக்கொல்லைக்காரரும் வந்துட்டாரு!" என்று படியில் நின்று கத்தினேன்.

அண்ணன் கையில் வார்னிஷோடு மேலே வந்தார். திரையைப் பார்த்தார். கையை எங்கே துடைப்பதென்று தெரியாமல் சட்டையிலேயே துடைத்தார்.

"தம்பி, இது எந்த ஓடைக்கொல்லை?"

"நீங்க குடுத்த பேருதாண்ணே. ஒண்ணுதான் இருக்கு."

"அந்த ஆளு செத்துட்டாருய்யா. கருமாதிக்கு நான் போயிட்டு வந்தேன். கடைசிப் பந்தியில உக்காந்து சாப்பிட்டேன்."

அப்போதுதான் நாற்காலி கதவுவரை போனது. நாங்கள் இருவரும் கதவோரமாகவே நின்று திரையைப் பார்த்தோம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு புரோக்கர் உயிலைப் படித்தான்.

ஓடைக்கொல்லை போன்: போய்விட்டேன்.

"இன்னிக்கு என்ன?" என்றார் அண்ணன், கீழே எட்டிப் பார்த்து.

கீழே யாரோ காலண்டரைப் பார்த்துச் சொன்னார்கள். அமாவாசை.

ஓடைக்கொல்லைக்காரரின் வீட்டம்மா அடுத்த அமாவாசை நெருங்கும்போது கடைக்கு வந்து, மாடிக்கே ஏறி வந்தார். நடு வயது. பஸ்ஸை விட்டு இறங்கி வெயிலில் நடந்து வந்தவர், தண்ணீர் கொடுத்ததைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் பேசினார். வீட்டுக்காரர் போன பிறகு வந்த முதல் அமாவாசையில், படைத்துக்கொண்டிருக்கும்போதே, உச்சி வெயிலில் மோட்டார் தானாக ஓடியதாம். யாரும் போடவில்லை. அடுத்த அமாவாசைக்கும் அதேபோல. அதைத்தான் நாங்கள் மாடியிலிருந்து பார்த்திருக்கிறோம்.

"அப்பல்லாம் வெங்காயம் பச்சையா நின்னுச்சு தம்பி. தண்ணி பாஞ்சா நல்லதுதானே. அவருதான் வந்து பாச்சுறாருன்னு கையெடுத்துக் கும்புட்டேன். இப்ப தாள் சாஞ்சு எடுக்கிற பருவத்துக்கு வந்துடுச்சு. தண்ணிய நிறுத்திட்டேன். இந்த நேரத்துல ஒரு பாய்ச்சல் ஏறுச்சுன்னா அம்புட்டும் மண்ணுக்குள்ளயே அழுகிப் போயிடும்."

அது அவர் தனியாக வைத்த முதல் வெள்ளாமை. அது மட்டுமில்லை. வீட்டுக்காரரின் தம்பி, கிணற்றில் பங்காளி, ஒரு பேச்சு பேசியிருந்தார். 'அண்ணன் இப்படி வந்து வந்து தண்ணி விடுறாருன்னா, பூமிய அண்ணி கையில விட அவருக்கு மனசு இல்லன்னு அர்த்தம். இந்த வெங்காயம் எடுக்கலன்னா கொல்லைய நான் பாத்துக்கறேன், நீங்க வூட்டப் பாருங்க' என்று. ஊரில் நாலு பேரும் அது நியாயம் என்றார்களாம்.

"நீங்க என்னக்கா சொன்னீங்க?" என்றேன்.

"உங்க அண்ணனுக்கு மனசு இல்லாததெல்லாம் உசுரோட இருக்கையிலேயே சொல்லியிருப்பாரு, அந்த வாய்க்கு ஒண்ணும் பஞ்சமில்லன்னு சொன்னேன். ஆனா வெங்காயம் அழுவிடுச்சுன்னா நான் என்ன பேச முடியும்?"

கடைக்கார அண்ணன் சுலபமாக ஒரு வழி சொன்னார். "அன்னிக்கு ஒரு நாளைக்கு ஸ்டார்ட்டர்ல பீஸ் கட்டையப் புடுங்கி வச்சிடுங்களேன்."

அந்த அம்மா அண்ணனைப் பார்த்த பார்வையில் அண்ணன் ஒரு படி கீழே இறங்கினார். "அவருக்கு எலை போட்டு சோத்த வச்சிட்டு, அந்தாண்ட போயி பீஸ் புடுங்கவா?"

நான் என் வித்தையைக் காட்டினேன். "அக்கா, அந்தப் போன் பேர புரோக்கர்கிட்ட இருந்து எடுத்துட்டா அது உள்ளயே வர முடியாது. வேணாம்னா அன்னிக்கு ஒரு நாள் மட்டும் வாசல அடைச்சிடலாம்."

"அமாவாசை அன்னிக்கா? அன்னிக்குத்தான் தம்பி அவுங்க வரட்டும்னு வாசலத் தெறந்து வைக்கிறோம். நீங்க அன்னிக்குப் பாத்து அடைப்பீங்களா?"

பேச்சை வேறு பக்கம் திருப்பினேன். "அவரு போன் இப்ப எங்கக்கா இருக்கு?"

"பீரோவுலதான். அணைச்சு அவரு சட்டையில சுத்தி வச்சிருக்கேன். யாரும் தொடுறதில்ல."

"சிம் வேலை செய்யுதா?"

"ரீசார்ஜ் பண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன். தெரியாதவங்க யாராவது கூப்பிடுவாங்கல்ல. அணைச்சு வச்சிருக்குன்னு போனுக்குள்ள பேசுற அந்தப் பொண்ணு சொன்னா பரவால்ல. இப்படி ஒரு நம்பரே இல்லன்னு சொல்லிடக் கூடாது பாருங்க."

அண்ணன் கீழே போய்விட்டார். போன் பீரோவில், சட்டைக்குள், அணைந்து கிடக்கிறது, யாரும் தொடுவதில்லை. ஆனால் அமாவாசை உச்சியில் அதே போன், அதே பாஸ்வேர்டைச் சொல்லி உள்ளே வருகிறது. கொழுந்தனார் எப்படியாவது பாஸ்வேர்டைத் தெரிந்துகொண்டு விளையாடுகிறாரோ என்று ஒரு நிமிஷம் சந்தேகப்பட்டுப் பார்த்தேன். போன் இல்லாமல் அது முடியாது. அந்தப் பாஸ்வேர்ட் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். சந்தேகம் கைவிட்டுப் போனபோது துணைக்கு இருந்த ஒரு ஆளும் போனதுபோல் இருந்தது.

"நான் அன்னிக்கு உங்க வூட்டுக்கே வரேன்க்கா," என்று சொல்லிவிட்டேன். "லேப்டாப்போட உக்காந்திருக்கேன். 'போடு'ன்னு வந்த உடனே நான் 'நிறுத்து'ன்னு அனுப்பிடறேன். தண்ணி வாய்க்கால்ல இறங்குறதுக்குள்ள நின்னுடும். வாசலையும் அடைக்க வேண்டாம், பீஸும் புடுங்க வேண்டாம்."

சொன்னது என் வாய்தான். அன்றைக்கு அது யாரைக் கேட்டுப் பேசியதென்று தெரியவில்லை.

வீடு கொல்லைக்குள்ளேயே இருந்தது. வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். மரத்தின் நிழல் மரத்துக்கு அடியிலேயே சுருண்டு கிடந்தது. தூரத்தில் முருகன் கோயில் மலை, வெந்து வெளுத்துப்போய் நின்றது. வெங்காயப் பாத்திகளில் தாள்கள் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்திருந்தன, யாரோ தடவிவிட்டுப் போனதுபோல. மண் வெடித்துக் காய்ந்திருந்தது. அந்தக் காய்ச்சல்தான் அந்த அம்மாவின் சொத்து என்று நினைத்துக்கொண்டு, காலை ஓரமாகவே வைத்து நடந்தேன்.

கொழுந்தனார் கிணற்று மேட்டில் மண்வெட்டியோடு உட்கார்ந்திருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீதான் எங்க அண்ணனப் புடிக்க வந்த ஆளா?"

"புடிக்கலாம் இல்லைங்க. மோட்டாரத்தான்..."

"கையில மந்திரக் கோலு கீலு ஒண்ணும் காணோம்?"

லேப்டாப்பைத் தூக்கிக் காட்டினேன். சிரித்தார். அவரும் கொஞ்சம் வெளிறித்தான் இருந்தார். அது எனக்குப் பிடித்திருந்தது.

கூடத்துச் சுவரில் படம். மாலை போட்டிருந்தார்கள். அடியில் இலை போட்டு, சோறு, சாம்பார், வடை, பாயசம் எல்லாம் பரிமாறியிருந்தது. நான் படத்துக்கு முதுகைக் காட்டியபடி சுவரோரமாக உட்கார்ந்துகொண்டேன். மரியாதைக் குறைவுதான். ஆனால் அவர் கண்ணும் என் கண்ணும் சந்திக்காமல் இருப்பதுதான் இருவருக்கும் நல்லது என்று பட்டது. லேப்டாப்பைத் திறந்து பெரம்பலூர் சர்வரைப் பிடித்தேன். மற்ற கொல்லைகளின் மோட்டார்கள் வழக்கம்போல் பேசிக்கொண்டிருந்தன. எனக்குப் பின்னால் அந்த அம்மா வளையல் சத்தத்தோடு எதையெதையோ எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். கற்பூர வாசனை வந்தது. "வாங்க, வந்து சாப்பிடுங்க," என்று மெதுவாகச் சொன்னார். என்னை இல்லை.

ஓடைக்கொல்லை போன் உள்ளே வந்தது.

'நிறுத்து' என்று அடித்து, என்டர் மேல் விரலை வைத்துக்கொண்டேன்.

ஓடைக்கொல்லை போன்: போடு.

வெளியே கிணற்று மேட்டில் ஸ்டார்ட்டர் 'டக்' என்றது. மோட்டார் முனகி, பிடித்து, ஓட ஆரம்பித்தது. நான் 'நிறுத்து' என்று அனுப்பினேன். நின்றது. எனக்கே ஆச்சரியம். பெருமையாக மூச்சுவிட்டேன். அந்த மூச்சு முடிவதற்குள்:

ஓடைக்கொல்லை போன்: போடு.

மோட்டார் ஓடியது. நான் நிறுத்து என்றேன். நின்றது. அவர் போடு என்றார். நிறுத்து. போடு. நிறுத்து. போடு. எனக்கும் அவருக்கும் முன்பின் பழக்கமில்லை. அவர் கொல்லையில், அவர் வீட்டுக் கூடத்தில், அவருக்குப் படைத்த இலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசிக்கொண்டிருக்கிறேன். வியர்வை கீபோர்டில் சொட்டியது. அவருக்கு வியர்க்கிற தொல்லை இல்லை. அந்த ஒரு விஷயத்திலேயே அவர் கை ஓங்கியிருந்தது.

"என்னய்யா பண்றீங்க உள்ள?" கொழுந்தனார் மேட்டிலிருந்து கத்தினார். "மோட்டார் இருமுது! எரிஞ்சிடப் போவுது!"

கூடவே இன்னொன்றும் கத்தினார். "அண்ணி, தண்ணி வாய்க்கால்ல எறங்கிடுச்சு!"

அந்த அம்மா என் முதுகுக்குப் பின்னால், "ஐயோ, வேணாங்க, போதுங்க," என்றார். அதுவும் என்னிடம் இல்லை. அந்தக் குரலைக் கேட்டுத்தான், திரும்பவே கூடாது என்று உட்கார்ந்திருந்த நான் திரும்பினேன்.

படத்துக்கு அடியில், வெற்றிலைபாக்குக்கும் வடைக்கும் நடுவில், துடைத்துப் பொட்டு வைத்து, ஒரு போன் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. திரை வெளிச்சமாக இருந்தது.

"அக்கா," என்றேன். "அது யாரு போன்?"

"அவருதுதான்."

"பீரோவுல இருக்குன்னீங்க? யாரும் தொடுறதில்லன்னீங்க?"

"ஆமா. படைக்கும்போது மட்டும் எடுத்து வைப்பேன். அவருக்கு வெத்தலையும் போனும் இருந்தா போதும், சோறு தண்ணி வேண்டாம். காலையிலேயே சார்ஜ் போட்டு, எலை போட்டதும் ஆன் பண்ணி வச்சிடுவேன். அது படையல்தானே தம்பி? அதப் போயி தொடுறதுன்னு சொல்லுவாங்களா?"

அதற்குமேல் எனக்கு எல்லாம் வரிசையாகப் புரிந்தது. அந்த ஆப்புக்கு ஒரு பிடிவாதம். போன் உயிர் பெற்றதும் அது தானாகவே புரோக்கரிடம் போய், பொத்தான் கடைசியாக எந்த நிறத்தில் விடப்பட்டதோ அதைச் சொல்லும். மோட்டார் வேறு மாதிரி இருந்தால் மறுபடி மறுபடி சொல்லும். அந்த மனிதர் உயிரோடு இருந்தபோது கடைசியாக அழுத்தியது பச்சை. தண்ணீர் பாய்ச்சப் போட்டுவிட்டு, போய்ச் சேர்ந்துவிட்டார். யாரோ கையால் ஸ்டார்ட்டரை நிறுத்தியிருக்கிறார்கள். அதற்கு முன்பே போன் பச்சையிலேயே அணைந்துவிட்டது. அமாவாசைக்கு அமாவாசை எழுப்பி உட்கார வைத்தால், அது விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. பிறகு பழைய பேட்டரி தாங்காமல் போன் அணைந்துபோகும். புரோக்கர் உயிலைப் படிப்பான்.

புரிந்ததும் பயம் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஒரு மனிதன் கடைசியாகச் சொன்ன சொல்லை ஒரு பொருள் அப்படியே பிடித்து வைத்துக்கொண்டு, திறக்கும்போதெல்லாம் அதையே சொல்கிறது என்பது, பேய் வந்தது என்பதைவிட எந்த விதத்தில் ஆறுதல் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

"அக்கா, அந்தப் பொத்தான செவப்பாக்கணும். நான் தொடட்டுமா?"

"நீங்க தொடக்கூடாது," என்றார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். வெளியே மோட்டார் சீராக ஓட ஆரம்பித்திருந்தது. நான் பதில் சொல்வதை நிறுத்திவிட்டேன் அல்லவா. வாய்க்காலில் தண்ணீர் சலசலப்பது கூடம்வரை கேட்டது. கொழுந்தனார் எதையோ வெட்டித் திருப்பும் சத்தமும் கேட்டது.

அந்த அம்மா போனை எடுத்தார். போன் பூட்டைத் திறக்கிற கோட்டைத் திரையில் விரலால் தடுமாறாமல் இழுத்தார். படத்தைப் பார்த்தார். "கோவிச்சுக்காதீங்க. வெங்காயத்த எடுத்துக்கறேன்," என்று சொல்லிவிட்டு அழுத்தினார்.

ஓடைக்கொல்லை போன்: நிறுத்து.
ஓடைக்கொல்லை மோட்டார்: நின்றுவிட்டேன்.

கொல்லை முழுக்கச் சத்தம் அடங்கியது. போனை அதே இடத்தில், அதே சாய்வில் வைத்தார்.

கொழுந்தனார் சேற்றுக் காலோடு வாசலில் வந்து நின்றார். வாய்க்காலை வெட்டித் தண்ணீரை ஓடைப்பக்கம் திருப்பிவிட்டிருந்தார். கொல்லையைத் தன் கைக்கு எடுத்துக்கொள்ளப் பார்த்தவர்தான். ஆனாலும் விளைந்த வெங்காயம் கண்ணெதிரே நனைவதைப் பார்த்துக்கொண்டு உட்கார அவருக்கு மனம் ஒப்பவில்லை.

"என்ன ஆச்சு அண்ணி? யாரு நிறுத்துனது?"

அந்த அம்மா படத்தைக் காட்டினார். "அவரு போன்ல இருந்துதான் நின்னுச்சு. வேணும்னா அந்தத் தம்பியக் கேளுங்க."

கொழுந்தனார் என்னைப் பார்த்தார். நான் திரையைத் திருப்பிக் காட்டினேன். எழுத்துக் கூட்டிப் படித்தார். அவருடைய வழக்கு அங்கேயே தோற்றுப்போனது; அண்ணன் போடுகிறார் என்பதை வைத்துத்தானே அவர் வாதாடினார், இப்போது அண்ணனே நிறுத்தியிருக்கிறார். அதை அண்ணியின் விரல் அழுத்தியது என்று நானும் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

"சரி, அண்ணனே நிறுத்திட்டாருல்ல," என்றார் கடைசியில். "எலைய எடுங்க. பசிக்குது."

வெங்காயத்தைக் காய்ந்த பதம் கெடாமல் எடுத்தார்கள். ஓடைப் பக்கத்து ஓரப் பாத்தியில் மட்டும் ஈரம் கொஞ்சம் ஏறியிருந்தது. அதை முதலிலேயே பிடுங்கி வீட்டுச் செலவுக்கு ஒதுக்கிவிட்டு, மற்றதைச் சேமித்து வைக்க மேடு கட்டிப் பட்டறை போட்டார்கள். கொல்லையைப் பற்றி அதன்பிறகு யாரும் பேச்செடுக்கவில்லை. அடுத்த நடவுக்கு முன்னால் அந்த அம்மா மறுபடி கடைக்கு வந்தார். தன் போனை நீட்டினார்.

"இதுலயும் அந்த ஆப்ப போட்டுக் குடுங்க தம்பி. அவருத எடுத்துடாதீங்க. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

புதிய ஆப்பில் அந்தப் பழைய பிடிவாதத்தை எடுத்துவிட்டிருந்தார்கள்; அழுத்தினால் ஒரு தடவைதான் சொல்லும். புரோக்கரில் புதுப் பேர் ஏற்ற வேண்டும். ஓடைக்கொல்லை போன் என்கிற பேர் ஏற்கெனவே ஒருவரிடம் இருந்தது. "உங்களுக்கு என்ன பேருக்கா போடட்டும்?" என்று கேட்டேன்.

திரையில் இருந்த பேர்களை எட்டிப் பார்த்தார். "'நான்'னு போடுங்க."

போட்டேன்.

அடுத்த வெங்காயம் நட்டு வேர் பிடிக்கிற சமயத்தில் ஒரு அமாவாசை வந்தது. நான் அன்றைக்கு மாடிக்குப் போவதாகவே இல்லை. டீ குடிக்கப் போனேன், பேப்பர் படித்தேன், திரும்பவும் டீ குடித்தேன். அண்ணன்தான், "போய்ப் பாருய்யா, நான் வேணா கீழ படியில நிக்கறேன்," என்று தள்ளிவிட்டார்.

உச்சி நேரம். திரையில் வேறு கொல்லைகள் ஏதோ பேசிக்கொண்டிருந்தன. பிறகு:

ஓடைக்கொல்லை போன் உள்ளே வந்தது.
ஓடைக்கொல்லை போன்: நிறுத்து.
ஓடைக்கொல்லை மோட்டார்: நின்றிருக்கிறேன்.
நான்: போடு.
ஓடைக்கொல்லை மோட்டார்: ஓடுகிறேன்.
ஓடைக்கொல்லை போன்: நிறுத்து.
ஓடைக்கொல்லை மோட்டார்: நின்றுவிட்டேன்.

நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அந்த அம்மா மறுபடி 'போடு' அனுப்பவில்லை. அவர் கூடத்தில், இலைக்கு எதிரில், தன் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரிந்தது. பழைய போனைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு வேலையைப் பார்க்கலாம். அணைத்துவிடலாம். செய்யவில்லை. அது அணைகிறவரை பொறுத்திருந்தார்.

"என்னய்யா சத்தத்தையே காணோம்?" என்றார் அண்ணன் கீழிருந்து.

"இருங்கண்ணே," என்றேன். "சாப்பிட்டுக்கிட்டிருக்காரு."

நான் சொன்னது எனக்கே கேட்டபோது, அண்ணன் இன்னும் படியில் நிற்கிறாரா என்று எட்டிப் பார்த்துக்கொண்டேன். கேலியாகச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

வெகுநேரம் ஒன்றும் இல்லை. பழைய போன் அணைந்த சேதி வந்தது. அதன்பிறகும் அந்த அம்மா உடனே போடவில்லை. இலையை எடுத்து, காக்கைக்கு வைத்து, போனைச் சட்டையில் சுற்றி பீரோவைப் பூட்டுகிற அளவுக்கு நேரம் போனது.

நான்: போடு.

ஓடைக்கொல்லையில் தண்ணீர் பாய ஆரம்பித்தது.